'சாங்ஷன்' என்றால் அனுமதி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உள்பக்கத்தின் மூலையில் தினமும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பெட்டி கட்டிப் போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குறை சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனாலும் அதை நிறுத்திவிடாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள் பேப்பரில் வேறு எதைத் தொடுகிறாளோ இல்லையோ, அந்தப் பெட்டியை மட்டும் கத்தரித்து நோட்டில் ஒட்டாமல் விடமாட்டாள். நான் படித்து முடிப்பதற்குள் பேப்பரில் ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டை விழுந்திருக்கும், அதன் பின்பக்கத்துச் செய்தி பாதியோடு போயிருக்கும். அது பரவாயில்லை. இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது.

சில வாரங்களுக்கு முன் வந்த சொல் 'சாங்ஷன்'. பொருள்: அனுமதி, ஒப்புதல். கீழே ஒரு வாக்கியம், மேலாளர் விடுமுறையை சாங்ஷன் செய்தார் என்று. அவ்வளவுதான். போட்டதில் தவறு ஒன்றும் இல்லை, எந்த அகராதியைப் பிரித்தாலும் இந்தப் பொருள் இருக்கும். நாலு நாள் கழித்து மகள் ஓர் ஆங்கிலச் செய்தித் தலைப்பைச் சத்தமாகப் படித்தாள்: "யு.என். லிஃப்ட்ஸ் சாங்ஷன்ஸ்." படித்துவிட்டு அவளே தமிழும் சொன்னாள்: "அம்மா, ஐ.நா. கொடுத்த அனுமதியை எல்லாம் எடுத்துட்டாங்களாம்." நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது. இல்லைம்மா, அது நேர் எதிர், போட்ட தடையை எடுத்துட்டாங்கன்னு அர்த்தம் என்றேன். அவள் எழுந்து போய் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்துவைத்தாள். "பாருங்க, பேப்பர்லயே அனுமதின்னுதான் போட்டிருக்கு."

அவள் செய்ததில் என்ன பிழை என்று யோசித்துப் பார்த்தேன். 'லிஃப்ட்' என்றால் எடுப்பது, அது சரி. 'சாங்ஷன்' என்றால் அனுமதி, அதுவும் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே சரி. இரண்டு சொல்லையும் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு வாக்கியம் மட்டும் தலைகீழாக விளங்கியிருக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருந்திருந்தால் ஒன்று அகராதியைப் புரட்டியிருப்பாள், இல்லை என்னைக் கேட்டிருப்பாள்.

அவளைச் சொல்ல எனக்கும் முகம் இல்லை. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களுக்குத் தமிழில் சுருக்கம் எழுதித் தருவது என் பொறுப்பு. ஒரு கடிதத்தில், நாங்கள் தொழில் வைத்துக்கொள்ள நினைத்திருந்த நிறுவனத்தைப் பற்றி, அது தன் நாட்டுக் கண்காணிப்பு அமைப்பால் இருமுறை 'சாங்ஷண்ட்' ஆனது என்று ஒரு வரி. நான் கொஞ்சமும் தயங்காமல் 'கண்காணிப்பு அமைப்பால் இருமுறை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் மேலதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அங்கீகாரத்தை எதுக்கும்மா ரெண்டு தடவை கொடுப்பாங்க?" என்று கேட்டார். அந்த 'இருமுறை'தான் என்னைக் காப்பாற்றியது. ஒருமுறை என்று இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், இரண்டு தடவை தண்டிக்கப்பட்ட நிறுவனத்தோடு நாங்கள் கைகுலுக்கியிருப்போம். மூலக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் அடுத்த வரியிலேயே அபராதம் என்ற சொல் இருந்தது. நான் அதுவரை படிக்கவே இல்லை, 'சாங்ஷன்' தெரிந்த சொல்தானே என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

தெரிந்த சொல் என்ற அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? நம் பேச்சிலிருந்துதான். "லோன் சாங்ஷன் ஆயிடுச்சா", "லீவு இன்னும் சாங்ஷன் ஆகலை", "சாங்ஷன் ஆர்டர் வந்தாத்தான் வேலை ஆரம்பிக்கலாம்" என்றெல்லாம் ஆங்கிலம் படிக்காதவர்கள்கூடச் சொல்கிறார்கள். பணம், விடுப்பு, பணியிடம், திட்டம் என்று மேலே இருப்பவர் கையெழுத்துப் போட்டு விடுவிக்கிற எதற்கும் சாங்ஷன்தான். இது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து அலுவலக ஆங்கிலத்தில் ஊறி நம் வாய்க்கு வந்த சொல். இன்று பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ஒருவர் தன் விடுப்பைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் 'அப்ரூவ்' ஆனது என்பார், சாங்ஷன் என்பது அங்கே காதுக்குக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். செய்தியில் அவர்களுக்குத் தினமும் அடிபடுவது அந்த இன்னொரு பொருள், தண்டிக்கிற பொருள். ஆக, சொல்லின் ஒரு பாதி நம் வீட்டுக்கு வந்து நெடுநாளாகிறது, மறுபாதி வரவே இல்லை. இந்த மாதிரிச் சொல்லைப் புதுச்சொல் என்று நினைத்துக் கற்றுக்கொடுத்தால் போதாது, ஏற்கெனவே பாதி தெரிந்தவர்களுக்குச் சொல்கிறோம் என்ற நினைப்போடு சொல்லித்தர வேண்டும்.

சரி, ஒரே சொல் எப்படி அனுமதியாகவும் தண்டனையாகவும் ஆனது? மகள் கேட்ட கேள்வி இது, கிண்டலாகத்தான் கேட்டாள், எனக்குத்தான் விடை தேடாமல் இருக்க முடியவில்லை. மூலம் லத்தீன். 'சாங்கிரே' என்ற வினைக்குப் புனிதமாக்குவது, மீற முடியாதபடி விதிப்பது என்று பொருள். செயின்ட், சாங்க்சுவரி எல்லாம் அதே குடும்பம். நாம் சரணாலயம் என்கிறோமே அதுதான் சாங்க்சுவரி, அதற்குள் இருப்பதை யாரும் தொடக் கூடாது. அந்த வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் 'சாங்க்ஷியோ'. ரோமானியச் சட்டங்களில் இதை மீறினால் இன்ன தண்டனை என்று சொல்கிற பகுதிக்கு அதுவே பெயர். நம் 'ஆணை' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அரசாணை என்றால் கட்டளை, "என் மேல் ஆணை" என்றால் சத்தியம். ஒரு பக்கம் அதிகாரம், இன்னொரு பக்கம் தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ என்ற பயம், இரண்டும் ஒரே சொல்லுக்குள். சாங்ஷனும் முதலில் இப்படித்தான் இருந்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குச் சட்டம், ஆணை என்றுதான் பொருள். 1713-இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஆறாம் சார்லஸ் பேரரசர், ஆண் வாரிசு இல்லாவிட்டால் தன் நாடுகள் மகளுக்குப் போகலாம் என்று ஓர் ஆணை பிறப்பித்தாரே, அதை வரலாற்றில் இன்றும் 'ப்ராக்மாட்டிக் சாங்ஷன்' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே அது அனுமதியும் இல்லை, தடையும் இல்லை, வெறும் ஆணை. (அந்த மகள்தான் மரியா தெரேசா. தந்தை 1740-இல் இறந்ததும் ஆணையை ஒத்துக்கொள்ளாமல் பக்கத்து அரசர்கள் போருக்கு வந்தார்கள், அது 1748 வரை இழுத்தது, அது தனிக் கதை.)

ஆணை ஒன்று இருந்தால் அதற்கு இரண்டு முகம் இருக்கும். ஒன்றைச் செய்யலாம் என்று முத்திரை குத்துவது ஒரு முகம், மீறினவனைப் பிடித்துத் தண்டிப்பது இன்னொரு முகம். சாங்ஷன் என்ற சொல் நாளடைவில் இரண்டு முகத்துக்கும் தனித்தனியாகப் பெயரானது. ஜெரமி பெந்தம் என்ற சட்டச் சிந்தனையாளர் 1789-இல் மனிதனை ஒழுங்கில் நிறுத்தும் சாங்ஷன்கள் நான்கு என்று பிரித்து எழுதினார்: இயற்கை, அரசு, ஊரார் அபிப்பிராயம், மதம். அவர் அதில் தண்டனையை மட்டும் சேர்க்கவில்லை, கிடைக்கிற இன்பத்தையும் சேர்த்தார். சமூகவியல் பாடத்தில் 'பாசிட்டிவ் சாங்ஷன்', 'நெகட்டிவ் சாங்ஷன்' என்று வரும். பாராட்டும் பரிசும் முதல் வகை, ஏச்சும் ஒதுக்கிவைப்பதும் இரண்டாம் வகை. இதைச் சொன்னதும் மகளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "அப்ப ரெண்டும் எதிர்ச்சொல் இல்லை, ஒரே ஆள் ரெண்டு வேலை பார்க்கிறான்" என்றாள். நான் இவ்வளவு நீட்டிச் சொன்னதை அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள்.

செய்திகளில் நாம் பார்க்கிற பன்மை வடிவம், அதாவது 'சாங்ஷன்ஸ்', நாடுகளுக்கு இடையிலான தண்டனையாகப் பரவலாகப் பழகியது முதல் உலகப் போருக்குப் பிறகு. அப்போது உருவான உலக நாடுகள் சங்கத்தின் உடன்படிக்கையில் பதினாறாவது பிரிவு, போர் தொடுக்கும் உறுப்பு நாட்டோடு மற்றவர்கள் வணிகத்தை நிறுத்த வேண்டும் என்றது. 1935 அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் படையோடு நுழைந்தபோது அதைச் செயலில் காட்டினார்கள், நவம்பரில் சாங்ஷன்ஸ் அமலுக்கு வந்தது. ஆனால் படையெடுப்புக்கு உயிர்நாடியான எண்ணெயைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். 1936 ஜூலையில் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டார்கள், எத்தியோப்பியாவை இத்தாலி விழுங்கிய பிறகு. அதற்கப்புறம் ரொடீஷியா (இன்றைய ஜிம்பாப்வே) மீது 1966-இல், ஈராக் குவைத்துக்குள் நுழைந்த பிறகு 1990-இல் என்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் முடிவுகள் வழியாக அந்தச் சொல் பேப்பரிலிருந்து இறங்கவே இல்லை. இதில் ஒரு வேடிக்கை: ஐ.நா. சாசனத்தில் இந்த நடவடிக்கைகளைச் சொல்லும் 41-ஆவது பிரிவைப் படித்தால் 'சாங்ஷன்' என்ற சொல்லே அதில் கிடையாது, ஆயுதப் படையைப் பயன்படுத்தாத நடவடிக்கைகள் என்றுதான் இருக்கிறது. சாசனத்துக்கு வெளியேதான் எல்லோரும் சாங்ஷன்ஸ் என்கிறோம்.

இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, பரீட்சையில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு நாம் ஆங்கிலேயரிடம் போகவே வேண்டாம். தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலைப் பாருங்கள். பல பொருள் ஒரு சொல்லாக வந்தால் அதன் பொருளை வினை, இனம், சார்பு இவற்றை வைத்துத் தெரிந்துகொள் என்று அங்கே சொல்லியிருக்கிறது. உரைகாரர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்து விளக்குவார்கள். மா பூத்தது என்றால் பூக்கிற வினையே அது மரம் என்று சொல்லிவிடும். மாவும் மருதும் ஓங்கின என்றால் கூட நிற்கிற மருதம் சொல்லிவிடும். கவசம் போட்டுக்கொண்டு நிற்பவன் மா கொண்டு வா என்றால் அவன் நிற்கிற கோலமே அது குதிரை என்று சொல்லிவிடும். பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1957-இல், ஒரு சொல்லை அது சேர்கிற கூட்டத்தை வைத்து அறிந்துகொள்ளலாம் என்ற கருத்தை எழுதினார், மொழியியல் படிப்பவர்கள் அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல கருத்துதான். நம் பிள்ளைகளுக்கு இலக்கண வகுப்பில் சொல்லித்தந்த அதே கருவி ஆங்கில வகுப்பிலும் வேலை செய்யும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அந்தக் கருவியை சாங்ஷனில் வைத்துப் பார்க்கலாம். முதலில் வினை. சாங்ஷனைக் கொடுத்தார்கள், கேட்டார்கள், பெற்றார்கள் என்று 'கிவ்', 'சீக்', 'அப்டெய்ன்' வந்தால் அது அனுமதி. விதித்தார்கள், இறுக்கினார்கள், தளர்த்தினார்கள், நீக்கினார்கள் என்று 'இம்போஸ்', 'டைட்டன்', 'ஈஸ்', 'லிஃப்ட்' வந்தால் அது தண்டனை. யாராவது அனுமதியை 'இம்போஸ்' செய்வார்களா? என் மகள் படித்த தலைப்பில் 'லிஃப்ட்' என்ற வினையே விடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது, அவளுக்குத்தான் அதைக் கேட்கத் தெரியவில்லை, நாமும் கேட்கச் சொல்லித்தரவில்லை.

அடுத்தது ஒருமை, பன்மை. அனுமதி என்ற பொருளில் அது பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும். பின்னால் எஸ் சேர்ந்து, 'ஆன்' அல்லது 'அகெய்ன்ஸ்ட்' என்று ஒரு நாட்டையோ ஆளையோ சுட்டினால் தண்டனை. இது நூற்றுக்கு நூறு விதி இல்லை, சட்டக்காரர்கள் 'எ சாங்ஷன்' என்று ஒருமையிலும் தண்டனையைச் சொல்வார்கள், ஆனாலும் பேப்பர் படிக்க இது போதும்.

வினைச்சொல்லாக வரும்போதுதான் உண்மையான வழுக்கல். நான் விழுந்த இடமும் அதுதான். அங்கே பார்க்க வேண்டியது செயப்படுபொருளை. சாங்ஷன் செய்யப்பட்டது ஒரு செயலா, திட்டமா, பணமா, பயணமா? அப்படியானால் ஒப்புதல். ஓர் ஆளா, நிறுவனமா, கப்பலா, நாடா? அப்படியானால் பெரும்பாலும் தண்டனை. திட்டத்தை யாரும் தண்டிக்கப் போவதில்லை. விளையாட்டுச் செய்தியில் 'சாங்ஷண்ட் டோர்னமென்ட்' என்றால் அந்த விளையாட்டின் தலைமை அமைப்பு ஏற்றுக்கொண்ட போட்டி, அதே பக்கத்தில் 'சாங்ஷண்ட் ப்ளேயர்' என்று வந்தால் நடவடிக்கைக்கு ஆளான ஆட்டக்காரர். ஒரே அமைப்பு, ஒரே சொல், போட்டிக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. 'அன்சாங்ஷண்ட்' என்று முன்னால் ஒட்டு சேர்ந்தால் மட்டும் பெரும்பாலும் குழப்பமே இல்லை, முன் அனுமதி இல்லாமல் செய்தது என்றுதான் அர்த்தம்.

இவ்வளவும் படித்துப் புரிந்துகொள்வதில் வரும் சிக்கல். எழுதும்போது இன்னும் மோசம். நம் பேப்பர்களில் சாங்ஷன்ஸ் என்பதைப் 'பொருளாதாரத் தடை' என்று போடுகிறீர்கள், நல்ல மொழிபெயர்ப்பு, நிலைத்தும்விட்டது. ஆனால் எம்பார்கோவும் தடைதான், 'பேன்' (ban) என்பதும் தடைதான், நீதிமன்றம் கொடுக்கிற ஸ்டேவும் இடைக்காலத் தடைதான், இன்ஜங்ஷனும் தடை உத்தரவுதான். தமிழ் 'தடை' என்ற ஒரே கூரைக்குக் கீழே இத்தனை பேர் குடியிருக்கிறார்கள். இதில் எம்பார்கோ என்பது வணிகத்தையோ ஆயுத விற்பனையையோ நிறுத்திவைப்பது, அதைப் பொருளாதார சாங்ஷன்ஸ்களில் ஒரு வகை என்றே சொல்லலாம். ஸ்டே என்பது ஓர் உத்தரவு இப்போதைக்கு நடக்காமல் நிற்பது. பேன் என்பது செய்யவே கூடாது என்பது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளை, தடை என்றால் சாங்ஷன் என்று ஒருநாள் பேப்பரில் பார்த்த ஞாபகத்தில் எந்தக் கதவையாவது தட்டும். பள்ளியில் கைப்பேசிக்குத் தடை என்பதற்கு "தி ஸ்கூல் சாங்ஷண்ட் மொபைல் ஃபோன்ஸ்" என்று எழுதினால் என்ன ஆகும்? கைப்பேசி கொண்டுவரலாம் என்று பள்ளியே ஒப்புதல் கொடுத்ததாக ஆகிவிடும். மகளுக்கு இந்த உதாரணம்தான் மிகவும் பிடித்தது, காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு, ஆங்கிலம் என்ன மொழி இது, ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்கிறதே என்று யாராவது சிரித்தால், வரிவிலக்கையும் மதுவிலக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம், சலுகை. மதுவிலக்கு என்றால் மது கூடாது, தடை. ஒன்றில் மனிதன் வரியிலிருந்து விலகுகிறான், இன்னொன்றில் மதுவை மனிதனிடமிருந்து விலக்குகிறார்கள். தமிழ் கற்கிற வெளிநாட்டவர் ஒருவருக்கு 'விலக்கு = சலுகை' என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு மதுவிலக்கைப் படிக்கச் சொன்னால் அவர் மது குடிப்பவருக்குச் சலுகை என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? நாம் தடுமாறாததற்குக் காரணம் நாம் 'விலக்கு' என்ற சொல்லைத் தனியாகக் கற்கவே இல்லை, வரியோடும் மதுவோடும் சேர்த்தே காதில் வாங்கினோம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் உட்கார்ந்த ஒரு கூட்டத்தில், ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள் பிரிட்டிஷார். அவர்கள் ஊர் வழக்கில் அதற்கு உடனே விவாதத்துக்கு எடுப்பது என்று பொருள். அமெரிக்கர்களுக்கோ அது ஒத்திவைப்பது. முக்கியமான விஷயமாயிற்றே, எப்படி ஒத்திவைக்கலாம் என்று அவர்கள் எதிர்க்க, நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரண்டு தரப்பும் கேட்பது ஒன்றையே என்று தெரிந்ததாம். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். தினம் ஒரு சொல் எங்களுக்கு வேண்டாம். வாரத்துக்கு இரண்டு போதும், ஆனால் அந்த இரண்டையும் கொஞ்சம் உட்கார்ந்து சொல்லுங்கள். பொருளை மட்டும் போட்டு நிறுத்தாமல் அது எந்த வினையோடு வரும், பின்னால் எந்த முன்னிடைச்சொல் வரும், ஆளுக்குச் சொல்வதா பொருளுக்குச் சொல்வதா, தமிழில் நாம் அதைப் பேச்சில் எப்படித் திரித்து வைத்திருக்கிறோம் என்று நாலு வரி சேர்த்தால் போதும். இது புது யோசனையும் இல்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்ற ஆசிரியர், அங்குள்ள மாணவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தும் வாக்கியத்தில் வைக்கத் தெரியவில்லை என்று பார்த்து, எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்பதையும் சேர்த்துத் தோழர்களோடு ஓர் அகராதி செய்தார். டோக்கியோவில் 1942-இல் வெளியான அது பிறகு 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்து, உலகம் முழுக்க ஆங்கிலம் கற்கிறவர்கள் மேசையில் ஏறியது. ஒரு முழு அகராதியே அந்த முறையில் எழுதியிருக்கும்போது ஒரு சின்னப் பெட்டியில் முடியாதா?

இன்னொன்று. உதாரண வாக்கியங்களை நீங்களாக உருவாக்காமல் அந்த வாரம் உங்கள் பேப்பரிலேயே வந்த செய்தியிலிருந்து எடுங்கள். மேலாளர் விடுமுறை சாங்ஷன் செய்கிற வாக்கியத்தை யாரும் எங்கும் படிக்கப்போவதில்லை. உலகச் செய்திப் பக்கத்தில் தடை நீக்கம் பற்றி வந்த அன்றே மூலையில் இந்தச் சொல்லைப் போட்டு, 'அந்தச் செய்தியில் வருகிற தடையும் இதுதான், உங்கள் லோனுக்குக் கிடைக்கிற சாங்ஷனும் இதுதான்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் என் மகள் அந்தச் செய்தியையும் சேர்த்துக் கத்தரித்து ஒட்டியிருப்பாள். எனக்கு இன்னும் பெரிய ஓட்டை விழுந்திருக்கும், இருக்கட்டும்.

அவள் நோட்டில் இப்போது அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது தெரியுமா? நீங்கள் போட்ட 'அனுமதி, ஒப்புதல்' அப்படியே இருக்கிறது, அதை அடிக்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் 'ஆளுக்கு: தண்டனை' என்றும் கீழே 'கிவ் வந்தால் அனுமதி, லிஃப்ட் வந்தால் தடை' என்றும் எழுதி, ஓரத்தில் 'மா பூத்தது' என்று பென்சிலில் கிறுக்கியிருக்கிறாள். முந்தைய பக்கங்களையும் புரட்டிச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்துவிட்டாள். 'ஸ்க்ரீன்' என்ற சொல்லுக்கு நீங்கள் போட்ட 'திரையிடு' என்ற பொருளுக்குப் பக்கத்தில் 'மறைப்பதும் இதுதானே?' என்று ஒரு கேள்விக்குறி நிற்கிறது. அதற்கும் என்னிடம்தான் வருவாள், நான் தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

சாங்ஷனுக்கு ஒரு சின்னத் திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும். அதில் 'ஓவர்சைட்' காரணமாக ஒரு பொருள் விடுபட்டது என்று மறக்காமல் எழுதுங்கள். மேற்பார்வை என்பதற்கும் அதே சொல், மேற்பார்வையில் தவறவிட்டதற்கும் அதே சொல். அடுத்த வாரப் பெட்டிக்குச் சொல் தேட வேண்டிய வேலை மிச்சம்.

இப்படிக்கு,
ஓட்டை விழுந்த பேப்பரைப் படிக்கும் ஒரு வாசகி